மொய் நோட்டும் புளூ-ரே டிஸ்க்கும்

"அண்ணே, இதைக் கொஞ்சம் சுருக்கித் தர முடியுமா?"

எதிர்வீட்டுத் தம்பி நீட்டியது ஒரு புளூ-ரே டிஸ்க். மேலே தங்க நிற எழுத்தில் அவனுடைய அக்காவின் கல்யாணத் தேதி. வருஷம் 2011. திருமங்கலம் பக்கம் ஒரு மண்டபத்தில் நடந்த கல்யாணம். 'எடுத்தா ஹெச்.டி.யிலதான் எடுக்கணும்' என்று அவன் அப்பா ஒற்றைக் காலில் நின்று, கூடுதலாகக் காசு கொடுத்து எடுத்த வீடியோ. ஸ்டூடியோக்காரர் மூன்று மணி நேரக் கல்யாணத்தை ஒரே டிஸ்க்கில் அடக்கிக் கொடுத்துவிட்டார். வீட்டில் அதைப் போட்டுப் பார்க்கப் பிளேயர் கிடையாது. 'அப்புறம் வாங்கிக்கலாம்' என்று பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். பிளேயர் வாங்கவேயில்லை. அந்த அப்பாவும் இப்போது இல்லை.

"பந்தியில அப்பா நின்னுக்கிட்டு, 'அங்கிட்டு சாம்பார் போகலை பாரு'ன்னு சத்தம் போடுற மாதிரி ஒரு சீன் இருக்குண்ணே. ஸ்டூடியோவுல ஒரே ஒரு தடவை போட்டுக் காமிச்சாங்க. அது போன்ல இருந்தா அம்மா தினமும் பார்க்கும்."

டிஸ்க்கில் இருந்ததோ 22 ஜி.பி. அம்மாவின் போனில் அவ்வளவு இடமில்லை. "ஒரு ஜி.பி.க்குள்ள முடிச்சிரலாமாண்ணே?"

கேட்கும்போது சின்ன விஷயம். ஆனால், இந்தச் சின்ன விஷயத்துக்குப் பின்னால் நாற்பது வருடச் சரித்திரம் இருக்கிறது. அமெரிக்க சுப்ரீம் கோர்ட், தமிழ்நாட்டுக் குண்டர் சட்டம், நார்வே நாட்டுப் பையன் ஒருவன், சம்பளம் இல்லாமல் ஒரு கோடைகாலம் முழுக்கக் கணக்குப் போட்ட பெங்களூர்க்காரர்... எல்லோரும் வரிசையில் நிற்கிறார்கள். ஒவ்வொருவராகக் கூப்பிடுவோம்.

*

ஒரு காலத்தில் மதுரைக்காரர்களுக்குப் படம் என்றால் தியேட்டர். அவ்வளவுதான். 1937-ல் வந்த 'சிந்தாமணி' படம் கொட்டிய லாபத்தில் மதுரை ராயல் டாக்கீஸார் ஒரு தியேட்டரையே கட்டி, அதற்கும் சிந்தாமணி என்றே பெயர் வைத்தார்கள். 1952 தீபாவளிக்குப் 'பராசக்தி'யோடு ஆரம்பித்த தங்கம் தியேட்டரில் ஒரே காட்சிக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல் உட்காரலாம்! ஆனால், எத்தனை பேர் பார்த்தாலும் படம் யார் கையிலும் தங்காது. பெட்டியில் வரும், பெட்டியில் போகும்.

போன பெட்டிகள் என்ன ஆயின? 1931-ல் வெளியான 'காளிதாஸ்'தான் நமது முதல் பேசும் படம் என்று பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லும். போட்டுக் காட்டுங்கள் என்று கேட்டால்தான் சங்கடம். இன்று ஒரு பிரிண்ட்கூட இல்லை. அதற்கும் முன்னால் நடராஜ முதலியார் எடுத்த 'கீசக வதம்' என்ற ஊமைப் படமும் அப்படியே. அந்தக் கால நைட்ரேட் பிலிம் சுலபமாகத் தீப்பிடிக்கும், வெப்பத்தில் கெட்டுப்போகும். பிலிமில் இருக்கும் வெள்ளிக்காக எடைக்குப் போட்டு உருக்கியவர்களும் உண்டு. பூனாவில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கப்பட்டது 1964-ல். அதற்குள் போனது போய்விட்டது. நகல் இருந்த படம் பிழைத்தது. இல்லாதது போயே போச்சு! இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் தேவைப்படும்.

ஜப்பானின் ஜே.வி.சி. கம்பெனி வி.ஹெச்.எஸ். காஸெட்டை 1976-ல் கொண்டு வந்தது. 1982 டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி இங்கே கலர் டி.வி. வந்தது. பின்னாலேயே வந்தது 'டெக்'. மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் சுற்று வட்டாரக் கிராமங்களில் அன்று டெக் வாங்கியவர்கள் குறைவு. வாடகைக்கு எடுத்தவர்கள் அதிகம். கோயில் திருவிழாவா, காதுகுத்தா, சடங்கு வீடா... டி.வி.யும் டெக்கும் வண்டி கட்டி வரும். விடிய விடிய மூன்று படம். மூன்றாவது படத்தில் ஊரே தூங்கிக்கொண்டிருக்க, டெக்குக்குச் சொந்தக்காரர் மட்டும் கொட்டக் கொட்ட முழித்திருப்பார். அவர் சாமான் அல்லவா!

இரண்டு டெக்கை ஒயரால் இணைத்தால் நகல் தயார். ஆனால், டேப்பில் ஒரு தொல்லை. நகலில் படம் கொஞ்சம் மங்கும். நகலின் நகலில் இன்னும் மங்கும். நாலாவது தலைமுறைக்கு வரும்போது சண்டை போடுவது ஹீரோவா வில்லனா என்பதைப் பின்னணி இசையை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்தக் காலத்தில் சினிமாக்காரர்களுக்கு இயற்கையே ஓரளவு காவல் காத்தது என்று சொல்லலாம்.

அதற்கே அவர்கள் அலறினார்கள். 1984 முக்கியமான வருடம். அந்த ஜனவரியில் அமெரிக்க சுப்ரீம் கோர்ட், வீட்டில் பிறகு பார்ப்பதற்காக டி.வி. நிகழ்ச்சியைப் பதிவு செய்வது குற்றமில்லை என்று ஐந்துக்கு நாலு என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது. ஒரே ஒரு நீதிபதி வித்தியாசம்! அதே 1984-ல் இந்தியாவில் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, வீடியோவையும் 'சினிமா' என்ற சொல்லுக்குள் கொண்டு வந்து, தண்டனையை ஏற்றினார்கள். தமிழ்நாடு அரசும் அதே வருடம் வி.சி.ஆரில் படம் போட்டுக் காட்டுவதை ஒழுங்குபடுத்தத் தனிச் சட்டம் போட்டது. ஆக, வீட்டுக்கு ஒரு நகல் என்பது வேறு, ஊருக்கு விற்கும் நகல் என்பது வேறு என்ற வழக்கு அப்போதே ஆரம்பித்துவிட்டது. இன்றுவரை முடிந்தபாடில்லை.

*

1993-ல் வி.சி.டி. வந்தது. பாட்டு கேட்கிற அதே 12 சென்டிமீட்டர் சி.டி.தான். அதில் 74 நிமிடப் படம். தமிழ்ப் படத்துக்கு இரண்டு டிஸ்க் வேண்டும். இடைவேளையில் எழுந்து டிஸ்க் மாற்றும் வேலை வீட்டின் கடைக்குட்டிக்கு.

இதில் இருப்பது வெறும் எண்கள். எண்ணை எத்தனை முறை நகல் எடுத்தாலும் எண் மாறாது. ஏட்டுச் சுவடியைப் பார்த்து எழுதுகிறவர் கை தவறினால் பாடபேதம் வரும். டிஜிட்டலில் பாடபேதமே கிடையாது. நூறாவது நகலும் மூலமும் ஒன்று. சினிமாக்காரர்களுக்குத் தூக்கம் போனது இங்கேதான்.

அதெல்லாம் சரி, ஒரு முழுப் படத்தை எப்படி அந்தச் சின்னத் தட்டில் அடக்கினார்கள்? நம் தம்பியின் கேள்வியும் அதுதான். "22 ஜி.பி. எப்படிண்ணே ஒண்ணாகும்?"

"உங்க அக்கா கல்யாண மொய் நோட்டு இருக்கா?" என்று கேட்டேன். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போய் எடுத்து வந்தான்.

மொய் நோட்டைத் திறந்து பாருங்கள். முதல் வரியில் ஊர், பெயர், தொகை எல்லாம் முழுசாக இருக்கும். அடுத்தவரும் அதே ஊர் என்றால் எழுதுகிறவர் ஊரைத் திரும்ப எழுத மாட்டார். 'மேற்படி' என்று போடுவார். பழைய ஆட்கள் அதைக்கூட எழுத மாட்டார்கள். ௸ என்று ஒரே சுழி! பத்திரங்களிலும் கணக்குகளிலும் 'மேற்படி'க்குத் தமிழர்கள் வைத்திருந்த அடையாளம் அது. முகூர்த்த நேரத்துக் கூட்டத்தில் வேகமாக எழுத வேண்டும், நோட்டும் மிச்சமாக வேண்டும். ஆனால், ஒரு தகவலும் தொலையக் கூடாது.

வீடியோவைச் சுருக்குவதிலும் பாதி வித்தை இந்த மேற்படிதான். ஒரு விநாடிக்கு 24 அல்லது 25 படங்கள். மாப்பிள்ளை மேடையில் உட்கார்ந்திருக்கிறார். பின்னால் அலங்கார வளைவு அசையாமல் நிற்கிறது. முதல் படத்தை முழுசாக எழுதிவிட்டு, அடுத்த படத்துக்கு 'வளைவு மேற்படி, நாற்காலி மேற்படி, மாப்பிள்ளை கண்ணை மட்டும் மூடித் திறந்தார்' என்று எழுதினால் போதாதா? எம்பெக் என்கிற முறை செய்வது இதைத்தான்.

மீதிப் பாதி வித்தைக்குச் சொந்தக்காரர் நஸீர் அகமது. 1940-ல் பெங்களூரில் பிறந்தவர். அங்கேயே இன்ஜினீயரிங் படித்து அமெரிக்கா போய், கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். ஒரு படத்தைச் சின்னச் சின்னச் சதுரங்களாக வெட்டி, ஒவ்வொன்றையும் கொசைன் அலைகளின் கூட்டலாக எழுதலாம் என்று அவருக்குத் தோன்றியது. அப்படி எழுதினால் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாத நுணுக்கங்கள் தனியாகப் பிரிந்து நிற்கும். அவற்றைத் தள்ளிவிடலாம். 1972-ல் ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டு அமெரிக்க தேசிய அறிவியல் நிறுவனத்துக்கு விண்ணப்பித்தார். 'ரொம்ப எளிமையான யோசனையாக இருக்கிறதே' என்று கைவிரித்துவிட்டார்கள். மனிதர் விடவில்லை. 1973 கோடையில் சம்பளமே இல்லாமல் உட்கார்ந்து கணக்குப் போட்டார். நடராஜன், கே.ஆர்.ராவ் என்ற இரண்டு இந்தியர்களோடு சேர்ந்து 1974 ஜனவரியில் கட்டுரை வெளியிட்டார். இன்று போனில் நீங்கள் எடுக்கும் போட்டோ, யூடியூப், வி.சி.டி., டி.வி.டி., புளூ-ரே... எல்லாவற்றுக்கும் அடியில் ஏதோ ஒரு வடிவத்தில் அந்தக் கட்டுரை இருக்கிறது. ரொம்ப எளிமையான யோசனை!

ஆனால், மொய் நோட்டுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம். மேற்படியைப் பிரித்து எழுதினால் ஊர்ப் பெயர் முழுசாகத் திரும்பி வரும். கொசைன் கணக்கில் தள்ளியது தள்ளியதுதான். ஜிகர்தண்டாவுக்குப் பாலைச் சுண்டக் காய்ச்சுவது மாதிரி. சுண்டிய பாலில் தண்ணீர் ஊற்றினால் பழைய பால் ஆகிவிடுமா? அளவோடு காய்ச்சினால் ருசி. அடுப்பை மறந்தால் அடிப்பிடிக்கும். வீடியோவில் அடிப்பிடித்தால் முகம் கட்டம் கட்டமாக உடையும். மலிவு வி.சி.டி.யில் மழைப் பாட்டு பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

*

அடுத்து டி.வி.டி. 1996-ல் ஜப்பானில் முதலில் விற்பனைக்கு வந்தது. ஒரு அடுக்கில் 4.7 ஜி.பி., இரண்டு அடுக்கில் 8.5 ஜி.பி. இந்த முறை சினிமாக் கம்பெனிகள் உஷார். டிஸ்க்குக்குள்ளேயே பூட்டுப் போட்டார்கள். சாவி, அனுமதி வாங்கிய பிளேயர் கம்பெனிகளிடம் மட்டும்.

பூட்டு மூன்று வருடம் தாங்கியது. 1999 அக்டோபரில் அதைத் திறக்கும் ஒரு சின்ன புரோகிராம் வெளிவந்தது. வெளியிட்டவர்களில் ஒருவன் நார்வேயைச் சேர்ந்த யோன் யோஹான்சன். வயது 15! காசு கொடுத்து வாங்கிய டி.வி.டி.யை லினக்ஸ் கம்ப்யூட்டரில் பார்க்க வேண்டும், அதற்குத்தான் இதெல்லாம் என்பது அவன் தரப்பு வாதம். வழக்குப் போட்டார்கள். 2003 ஜனவரியில் விடுதலை. அப்பீல் போனார்கள். டிசம்பரில் மறுபடியும் விடுதலை. 'அவன் வாங்கிய டிஸ்க்கை அவன் பார்க்கிறான்' என்கிற மாதிரிதான் தீர்ப்பு.

இந்தப் பக்கம் தமிழ்நாட்டில் கதை வேறு மாதிரி. இங்கே யாரும் லினக்ஸுக்காக அழவில்லை. படம் ரிலீஸான வாரமே பஸ் ஸ்டாண்ட் பிளாட்ஃபாரங்களில் டிஸ்க் கிடைத்தது. கடன் வாங்கிப் படம் எடுத்தவரும், வட்டிக்கு வாங்கித் தியேட்டர் நடத்தியவரும் தெருவுக்கு வந்தார்கள். 2004-ல் தமிழக அரசு குண்டர் சட்டத்தைத் திருத்தியது. கள்ளச்சாராயம் காய்ச்சுகிறவர், போதைப் பொருள் விற்கிறவர் இருக்கும் பட்டியலில் 'வீடியோ பைரேட்' என்பவரும் சேர்ந்தார். விசாரணை இல்லாமல் ஒரு வருடம் வரை உள்ளே வைக்கலாம்.

சட்டத்தால் பாதிதான் நடந்தது. மீதியைச் செய்து பார்த்தது வியாபாரம். நொய்டாவின் மோசர் பேர் நிறுவனம், வெற்று டிஸ்க் செய்து விற்றுக்கொண்டிருந்தது, திடீரென்று படங்களின் உரிமையை வாங்கி வி.சி.டி. 28 ரூபாய், டி.வி.டி. 34 ரூபாய் என்று இறக்கியது. திருட்டு டிஸ்க்கின் விலைக்கே நல்ல டிஸ்க், அட்டைப் பெட்டியோடு! தமிழ்ப் படங்களும் வந்தன. நேரமும் பொருந்தி வந்தது. 2006-ல் தொடங்கிய இலவசக் கலர் டி.வி. திட்டத்தில் ஒன்றரைக் கோடிக்கும் மேல் டி.வி.க்கள் தமிழ்நாட்டு வீடுகளுக்குப் போயின. டி.வி. வந்த வீட்டுக்கு ஒரு மலிவு டி.வி.டி. பிளேயர் வராமல் இருக்குமா? திருடனை அடக்க நியாயமான விலையும் ஒரு வழி என்பதை அந்த 28 ரூபாய் கொஞ்ச காலம் காட்டியது.

*

இப்போது நம் தம்பியின் டிஸ்க்குக்கு வருவோம். 2006-ல் வந்த புளூ-ரே.

ஏட்டில் எழுத்தாணியின் கூர் மெல்லியதாக இருந்தால் ஒரு ஓலையில் கூடுதல் வரி எழுதலாம் அல்லவா? அதே கதை. சி.டி.யில் லேசர் ஒளியின் அலைநீளம் 780 நானோமீட்டர். டி.வி.டி.யில் 650. புளூ-ரேயில் நீலஊதா நிறத்தில் 405. கூர் மெல்லிதாக ஆக, அதே 12 சென்டிமீட்டர் தட்டில் ஒரு அடுக்குக்கு 25 ஜி.பி., இரண்டு அடுக்கில் 50 ஜி.பி. தோஷிபா ஹெச்.டி. டி.வி.டி. என்று ஒரு போட்டி டிஸ்க்கை இறக்கிப் பார்த்து, 2008 பிப்ரவரியில் தோல்வியை ஒப்புக்கொண்டது.

50 ஜி.பி. என்றால் ஏராளம் என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஹெச்.டி. படம் ஒன்றில் குறுக்கே 1920 புள்ளி, நெடுக்கே 1080. கிட்டத்தட்ட 20 லட்சம் புள்ளிகள். நிறத்தை நாலு புள்ளிக்கு ஒரு முறை மட்டும் எழுதி ஏற்கெனவே கொஞ்சம் மிச்சம் பிடித்தாலும், விநாடிக்கு 24 படம் வீதம் இரண்டரை மணி நேரத்துக்கு வருவது சுமார் 670 ஜி.பி.! அதைப் பதிமூன்றில் ஒரு பங்காக்கித்தான் 50 ஜி.பி. புளூ-ரேயில் அடைத்தார்கள். ஒரு அடுக்கு டி.வி.டி.க்குள் போக வேண்டுமென்றால் நூற்று நாற்பதில் ஒரு பங்கு. 700 எம்.பி. சி.டி.க்குள் என்றால் கிட்டத்தட்ட ஆயிரத்தில் ஒரு பங்கு! ஆக, நம் கைக்கு வரும்போதே அது சுண்டிய பால்தான். வீட்டில் நாம் செய்வது சுண்டியதை மறுபடி சுண்டுவது.

புளூ-ரேயை வீட்டில் நகலெடுக்க முயன்றவர்களுக்கு அந்த நாளில் வந்த சோதனைகள் கொஞ்சநஞ்சமல்ல. முதலில் பூட்டு. டி.வி.டி.யில் பட்ட அடியால், பழைய சாவி வெளியே போனால் புதிய டிஸ்க்குகளில் சாவியையே மாற்றிவிடும் ஏற்பாடு. 2007 மே மாதம் அப்படி வெளியே வந்த ஒரு சாவி எண்ணை இணையத்திலிருந்து நீக்கச் சொன்னார்கள். ஜனங்கள் அதை டி ஷர்ட்டில் அச்சடித்துப் போட்டுக்கொண்டார்கள்! அடுத்து, இடம். ஒரு டிஸ்க்கைக் கொட்டினால் ஹார்டு டிஸ்க் பாதி நிரம்பியது. அதற்கு அடுத்தது, நேரம். 2003-ல் வந்த ஹெச்.264 என்ற முறை, டி.வி.டி.யின் பழைய முறையைவிடப் பாதி இடத்தில் அதே தரத்தைக் கொடுத்தது. ஆனால், அந்த அளவுக்கு மேற்படி தேடக் கம்ப்யூட்டர் நாக்குத் தள்ள உழைக்க வேண்டும். அன்றைய வீட்டுக் கம்ப்யூட்டரில் சாயங்காலம் ஆரம்பித்தால் மறுநாள் காலையில்தான் முடியும்.

இதில் மதுரைக்கென்று தனியாக ஒரு சோதனை. மின்வெட்டு! 2012-ல் சென்னையைத் தாண்டினால் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் போன நாட்களை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பதினான்கு மணி நேர வேலையைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, யு.பி.எஸ். 'கீ... கீ...' என்று கத்துவதைக் கேட்டுக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருந்தவர்களில் நானும் ஒருவன். 93 சதவிகிதத்தில் கரண்ட் போகும். மறுபடி முதலிலிருந்து!

சட்டமும் சும்மா இருக்கவில்லை. அதே 2012-ல் காப்புரிமைச் சட்டத்தை மறுபடி திருத்தினார்கள். உரிமையை மீறும் நோக்கத்தோடு டிஜிட்டல் பூட்டை உடைத்தால் இரண்டு வருடம் வரை சிறை. அதே திருத்தத்தில், சொந்த உபயோகத்துக்கான நியாயமான பயன்பாட்டுக்குச் சினிமா வரைக்கும் இடம் கொடுத்தார்கள். 'எந்த நோக்கத்தோடு' என்பதுதான் இங்கே சூட்சுமம். 1984-ன் பழைய வழக்கு, புதுச் சட்டையில்! 2023-ல் வந்த ஒளிப்பதிவுச் சட்டத் திருத்தம் தியேட்டரில் கேமராவைத் தூக்குகிறவர்களுக்கு: குறைந்தது மூன்று மாதம், அதிகபட்சம் மூன்று வருடம் சிறை; மூன்று லட்சத்திலிருந்து, படத்தின் தயாரிப்புச் செலவில் ஐந்து சதவிகிதம் வரை அபராதம்.

தம்பியின் டிஸ்க்கில் பூட்டு இல்லை. அவர்கள் வீட்டுக் கல்யாணம், அவர்கள் காசு. எனவே கோர்ட் பயமில்லாமல், நண்பரிடம் புளூ-ரே டிரைவ் ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.

*

தம்பி சொன்னபடியே முதலில் ஒரு ஜி.பி.க்குச் சுருக்கினேன். மேடைக் காட்சி பரவாயில்லை. ஹோமப் புகை வந்ததும் படம் கலங்கியது. அட்சதை போட்டார்கள், மேடையே நொறுங்கியது! காரணம் எளிது. புகையிலும் பறக்கும் அரிசியிலும் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் ஒற்றுமையே கிடையாது. மேற்படி போட வழியில்லை. ஆயிரம் பேரும் ஆயிரம் ஊரிலிருந்து வந்தால் மொய் எழுதுகிறவர் என்ன செய்வார்?

பந்தி வந்தது. நூறு இலை, நூறு கை, ஓடுகிற வாளிகள். நடுவே அவன் அப்பா. முகத்தில் நாலைந்து சதுரங்கள் மட்டும் இருந்தன. நெற்றியில் வைத்திருந்த சந்தனம் கன்னம் வரை ஒழுகியிருந்தது. தம்பி ஒன்றும் சொல்லவில்லை. மானிட்டரைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. சுருக்குகிற புரோகிராமுக்கு யார் முகம் முக்கியம் என்று தெரியாது. மாப்பிள்ளையின் மாலையும், ஓரத்தில் நிற்கும் தண்ணீர் டிரம்மும், ஒரு மகனுக்கு அப்பாவும் அதற்கு ஒன்று. கண்ணுக்கு எது தெரியாது என்பதை நஸீர் அகமதின் கணக்கு சொல்லும். மனசுக்கு எது வேண்டும் என்பதை வீட்டுக்காரர்தான் சொல்ல வேண்டும்.

"அந்த சீன் எவ்வளவு நேரம் வருது தம்பி?"

பார்த்தோம். நாற்பது விநாடி.

22 ஜி.பி.யில் அந்த நாற்பது விநாடி எவ்வளவு தெரியுமா? சுமார் 80 எம்.பி. அவ்வளவுதான்! அதைச் சுருக்கவே வேண்டாம். அப்படியே வெட்டி, ஒரு புள்ளி குறையாமல் எடுத்து வைத்தேன். முழுக் கல்யாணத்தையும் நாலு ஜி.பி. அளவில், இரண்டு சுற்றாகச் சுருக்கினேன். முதல் சுற்றில் புரோகிராம் முழுப் படத்தையும் ஓட்டிப் பார்த்து எங்கே கூட்டம் அதிகம் என்று குறித்துக்கொள்ளும். இரண்டாவது சுற்றில் அதற்கேற்ப இடம் ஒதுக்கும். நல்ல சமையல்காரர் பந்திக்கு முன்னால் தலை எண்ணிவிட்டு உலை வைப்பாரே, அதேதான். மேடைக்குக் கொஞ்சம், பந்திக்கு அதிகம்.

மூலத்தை, அந்த 22 ஜி.பி.யை, சுருக்காமல் இரண்டு ஹார்டு டிஸ்க்குகளில் போட முயன்றபோதுதான் வினை. கடைசிப் பகுதியில் டிரைவ் திணறியது. துடைத்துப் பார்த்தோம். வேறு டிரைவில் போட்டுப் பார்த்தோம். ஒன்பது நிமிடம் வரவே இல்லை. பெண்ணை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பிவைக்கும் காட்சி. மதுரை வெயிலில் பீரோவுக்குள் வெந்த வருடங்களில், டிஸ்க் தன் பங்குக்கு மறந்துபோயிருந்தது. அம்மா கேட்டால் என்ன சொல்வது என்று தம்பி யோசித்தான்.

*

டிஸ்க் மட்டுமா போகிறது? போட்டுப் பார்க்கும் கருவியும் போகிறது. வி.சி.ஆர். தயாரித்துக்கொண்டிருந்த கடைசிக் கம்பெனியான ஜப்பானின் ஃபுனாய் 2016-ல் நிறுத்திக்கொண்டது. 28 ரூபாய்க்குப் படம் கொடுத்த மோசர் பேர் நிறுவனத்தைக் கலைத்துச் சொத்துகளை விற்க 2018-ல் உத்தரவானது. பதிவு செய்யும் புளூ-ரே டிஸ்க்குகளின் தயாரிப்பை சோனி 2025 பிப்ரவரியோடு முடித்துக்கொண்டது. சிந்தாமணி தியேட்டரும் இல்லை. தங்கம் தியேட்டரும் இல்லை.

நம் ஊருக்கு இது புதிதல்ல. ஓலைச்சுவடிக்கும் ஆயுசு கொஞ்சம்தான். தலைமுறைக்குத் தலைமுறை யாரோ ஒருவர் உட்கார்ந்து புது ஓலையில் பெயர்த்து எழுதியதால்தான் சங்க இலக்கியம் உ.வே.சா. கைக்கு வந்தது. பெயர்த்து எழுதாத ஏடுகள் ஆடிப் பெருக்கில் ஆற்றோடு போயின. 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்திலிருந்து கல்யாணசுந்தரம் என்ற தமிழ் விஞ்ஞானி, தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றும் வேலையைத் தொடங்கி அதற்கு 'மதுரைத் திட்டம்' என்று பெயர் வைத்தார். ஊர் ஊராக இருக்கும் தமிழர்கள் தட்டச்சு செய்து கொடுத்தார்கள். அதுவும் நகல் எடுப்பதுதான்.

அடுத்தவர் உழைப்பைப் பிளாட்ஃபாரத்தில் விற்றவனும் நகல்தான் எடுத்தான். ஏட்டைப் பெயர்த்து எழுதிய புலவரும் நகல்தான் எடுத்தார். பூட்டுப் போடுகிறவர்களுக்கு முதலாமவனை மட்டும்தான் தெரிகிறது. 'காளிதா'ஸுக்கு நல்லதாக ஒரு நகல் யாராவது எடுத்து வைத்திருந்தால் இன்று என்ன கொடுத்து வாங்குவோம்!

உங்கள் பீரோவிலும் ஒரு டிஸ்க் இருக்கும். காதுகுத்தோ கல்யாணமோ. இந்த ஞாயிற்றுக்கிழமை எடுத்துப் பாருங்கள். சுருக்குவதற்கு முன்னால் முழுசாக ஒரு நகல், அதற்கு இன்னொரு நகல், வேறொரு வீட்டில். அப்புறம் போனுக்குச் சுருக்கிக்கொள்ளலாம்.

அம்மாவின் போனில் நாற்பது விநாடியை ஏற்றிக் கொடுத்தோம். "அங்கிட்டு சாம்பார் போகலை பாரு" என்று சத்தம் கேட்டதும் அந்தம்மா சிரித்துவிட்டார். பிறகு மறுபடி போடச் சொன்னார். காணாமல் போன ஒன்பது நிமிடத்தைத் தயங்கித் தயங்கிச் சொன்னான் தம்பி.

"அது எதுக்குடா, அன்னிக்கு எல்லாரும் அழுதுக்கிட்டுல்ல இருந்தோம்" என்றார் அம்மா.

கிளம்பும்போது மேசை மேல் அந்த மொய் நோட்டு கிடந்தது. புரட்டினேன். நீல மை கொஞ்சம்கூட மங்கவில்லை. யார், எந்த ஊர், எவ்வளவு, எல்லாம் தெளிவாக இருந்தது. பிளேயர் வேண்டாம், கரண்ட் வேண்டாம். முதல் பக்கத்தில் முழுசாக ஒரு ஊர்ப் பெயர். அதற்குக் கீழே வரிசையாக, மேற்படி... மேற்படி... மேற்படி...